நாற்பத்தேழுக்கு முப்பத்தொன்பது

பதினோரு வருடம் உன்னிடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. போதும். நீ செத்துப்போய் மூன்று மாதம் ஆகிறது. நான் வரவில்லை. வேலை இருந்ததால் அல்ல, வரக்கூடாது என்று முடிவு செய்துதான் வரவில்லை. அன்று காலை கொச்சங்காடி வழியாகப் போனால் உன் வீட்டு வாசலில் கூட்டம் தெரியும் என்று சுற்றுவழியில் போய்ப் படகு பிடித்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக இதை ஆரம்பிக்கவில்லை. எங்கே போய் முடியும் என்று எனக்கே இன்னும் தெரியாது.

என் மேஜைமேல் ஒரு துணிப்பை இருக்கிறது. மிளகு சாம்பிள் போட்டுவைக்கும் சிறிய காடாப் பை, வாயில் சுருக்குக் கயிறு. உள்ளே ஒரு மணி மிளகுகூட இல்லை. ஆனாலும் கயிற்றைத் தளர்த்தியதும் எனக்கு மூன்று தும்மல் வந்தது. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வாசகசாலையில் யாராவது தும்முவார்களே, அந்தத் தும்மல்.

பையைக் கொண்டுவந்தவள் உன் மகள் ஸ்மிதா. சனிக்கிழமை மத்தியானம், மழை விட்ட நேரத்தில் வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வாயனசாலையில அப்பா போட்டோ வைக்கறாங்க. அறிஞ்சீங்களா மாமா?"

"கேள்விப்பட்டேன்."

"ரெண்டு பேரு வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தர் என் முகத்துக்கு நேராவே, 'ஆரு, அந்த முப்பத்தொன்பதா?'ன்னு கேட்டுச் சிரிச்சாரு. நான் பத்தாங்கிளாஸ் படிக்கும்போதும் இதைச் சொல்லித்தான் சிரிச்சாங்க. அன்னைக்கு எனக்கு அர்த்தம் தெரியல்ல. அந்தப் பேரு நீங்க வச்சதுதானே?"

பதிலுக்குக் காத்திராமல் பையை மேஜைமேல் வைத்தாள்.

"இது அப்பாவோட பேப்பர் எல்லாம். எனக்குத் தமிழ் வாசிக்க அத்தர வராது. கணக்கு அதைவிட வராது. நீங்க நோக்கிச் சொல்லணும். அப்பா உங்க கணக்கைத் திருடினதுதான்னா, நானே எழுதி நெட்டுல இருக்கற அந்த லிஸ்ட்ல அப்பா பேரை எடுக்கச் சொல்றேன், உங்க பேரைப் போடச் சொல்றேன். போட்டோவும் வேண்டாம்னு சொல்லிடறேன். திருடல்லன்னா அதையும் நீங்கதான் எழுதித் தரணும். அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டோ வைக்கறதுக்கு முன்னாடி."

"சாயா போடட்டுமா?"

"மதி மாமா. ஒண்ணும் வேண்டாம்."

போய்விட்டாள். உன் நடை. பதினோரு வருடமாக நான் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தேனோ அது தானாக வீட்டுக்கு வந்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உன் பெயர் போய்விடும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆதாரத்துக்கு நாலு எண்ணைச் சேர்த்து எழுதலாமே என்றுதான் பையைத் திறந்தேன்.

இந்த மடலை அவள் படிப்பாள், அல்லது அவள் அம்மா படித்துச் சொல்வாள். அதனால் நமக்கு நன்றாகத் தெரிந்ததையே கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள்வது உனக்குப் பழக்கம்தான்.

நம் வாசகசாலைக்குத் தமிழ் வார இதழ் ஒன்றே ஒன்று வரும். அதற்குப் போட்டி போடும் இரண்டே பேராக நாம் பழக்கமானோம். நான் பாலக்காட்டிலிருந்து வந்து, தனியார் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொண்டு, நிரந்தர வேலை இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று இருந்தவன். நீ பத்தாம் வகுப்போடு நின்று, கொச்சங்காடி மிளகுக் கிட்டங்கியில் குத்தூசியால் சாக்கைக் குத்திச் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தவன். ஒரே வயது. நீ என்னை முதல் நாளிலிருந்தே 'மாஷ்' என்றாய், வாத்தியார் என்று. அதில் மரியாதை இருந்ததா, கேலி இருந்ததா என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இரும முறையை உனக்கு நான் சொல்லித் தரவில்லை. வாசகசாலையில் கிடந்த ஏதோ கம்ப்யூட்டர் புத்தகத்திலிருந்து நீயே பிடித்துக்கொண்டாய். ஓர் எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும். மீதி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். வந்த ஈவை மறுபடி வகுக்க வேண்டும். சாம்பிள் பைகளில் கட்டும் நீளத் துண்டுச் சீட்டுகள்தான் உன் நோட்டு. ஒரு விரல் அகலம். அதில் கோடும் வட்டமுமாக எழுதிப் பின்பக்கம் பென்சிலால் அந்த எண்ணைக் குறித்துவைப்பாய்.

ஒரு சாயங்காலம் கிட்டங்கியின் சாம்பிள் அறையில், தகரம் அடித்த அந்த நீள மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நீ பதினொன்றைச் சீட்டில் எழுதி எனக்கும் உனக்கும் நடுவில் வைத்தாய். கத்தரிக்கோலை எடுத்தாய்.

"மாஷே, இதை எங்கே வெட்டினா அதிகம் கிடைக்கும்?"

"எதை வெட்டறது?"

"இந்த நாலு எழுத்தை. ரெண்டு துண்டா வெட்டு. ரெண்டையும் தனித்தனி எண்ணாப் படி. பெருக்கு. எங்கே வெட்டினா பெரிசா வரும்?"

பதினொன்று இரும முறையில் 1011. முதல் இலக்கத்துக்குப் பின்னால் வெட்டினால் 1, 011. அதாவது ஒன்றும் மூன்றும், பெருக்கினால் மூன்று. நடுவில் வெட்டினால் 10, 11. இரண்டும் மூன்றும், ஆறு. கடைசிக்கு முன்னால் வெட்டினால் 101, 1. ஐந்தும் ஒன்றும், ஐந்து. ஆகப் பெரியது ஆறு. எனவே பதினொன்றுக்கு ஆறு. இப்படி ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எண் கிடைக்கும். அவற்றை வரிசையாக எழுதினால் ஒரு பட்டியல். இவ்வளவுதான் நம் கணக்கு. இதற்காக ஒரு நட்பு முறியும் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள்.

அது உன் கேள்வி என்பதை இப்போது எழுதிவைக்கிறேன். வெளியில் எங்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. நாம் இருவரும் சேர்ந்து யோசித்தது என்று சொல்லியிருக்கிறேன். சில இடங்களில் நான் யோசித்தது என்றும் சொல்லியிருக்கிறேன்.

உலகத்து எண் வரிசைகளையெல்லாம் சேர்த்து வைக்கும் இணையப் பட்டியல் ஒன்று உண்டு என்று சொன்னது நான். யார் அனுப்பினாலும் பார்ப்பார்கள், புதியதாக இருந்தால் அனுப்பியவர் பெயரோடு சேர்த்துக்கொள்வார்கள். நூறு வரைக்கும் போட்டு அனுப்புவது என்று முடிவு செய்தோம். வேலையைப் பங்கு பிரித்தது நீ.

"நீ ஒத்தைக்கட்டை. ஒற்றைப்படை எல்லாம் உனக்கு. எனக்குப் பொண்டாட்டி புள்ளை உண்டு, இரட்டைப்படை எனக்கு."

"ஒற்றைப்படைதான் கஷ்டம். கடைசில ஒண்ணு நிக்கும்."

"கஷ்டத்துக்குத்தானே மாஷு எம்மெஸ்ஸி படிச்சது."

யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்று நான் கேட்டதும், அகர வரிசைப்படி போட்டால் உன் பெயர் முன்னால் வரும் என்று கண்டுபிடித்து, படிப்பு வரிசைப்படி போடலாம் என்று சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. நீ சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பேரே வேண்டாம் மாஷே, லிஸ்ட் வந்தா மதி" என்றாய். பிறகு இந்த வாக்கியத்தை உனக்கு எதிராக எத்தனை தடவை பயன்படுத்தினேன் என்று கணக்கில்லை. பெயரே வேண்டாம் என்றவன் செய்த வேலையைப் பார்த்தீர்களா என்று.

நான் ஒற்றைப்படைகளை வீட்டில் போட்டேன், நீ இரட்டைப்படைகளை உன் வீட்டில் போட்டாய். சாயங்காலம் சாம்பிள் அறையில் என் நோட்டில் வரிசையாக ஏற்றினோம். நீ எண்ணைச் சொல்வாய், நான் எழுதுவேன். உன் எண்களை நான் ஒருதடவையும் சரிபார்க்கவில்லை. நம்பிக்கை என்று அப்போது நினைத்தேன். அது அலட்சியம். உன் பங்கு பெரிய பங்கு என்று நான் நினைக்கவே இல்லை.

நாற்பத்தேழில் உடைந்தது.

அன்று மத்தியானம்தான் கல்லூரி மேலாளர் நிரந்தர வேலையைத் தன் மருமகனுக்குக் கொடுத்த செய்தி வந்தது. அந்த ஆளை நான் இன்றும் மன்னிக்கவில்லை. என் சொந்தத் தம்பியையும் மன்னிக்கவில்லை, அது வேறு கதை. வாசகசாலையில் வார இதழை விரித்து வைத்துக்கொண்டு ஓர் எழுத்தும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீ வந்தாய், கையில் ஒரு சீட்டு. சுற்றி ஆறேழு பேர் இருந்தார்கள்.

"மாஷே, உன் நாற்பத்தேழு ஒண்ணு நோக்கணும். நீ முப்பத்தஞ்சு போட்டிருக்கே. நான் போட்டா முப்பத்தொன்பது வருது."

"நாற்பத்தேழு ஒற்றைப்படை. அதை நீ எதுக்குத் தொட்டே?"

"சும்மா போட்டேன். எங்கேயோ என்னமோ..."

"என் கணக்கைத் திருத்தறதுக்கு நீ யாரு? சாக்கைக் குத்தறவன் சாக்கைக் குத்து."

தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. நீ சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். "செரி மாஷே" என்றாய். போய்விட்டாய். திரும்பி வந்து கேட்பாய் என்று நான் காத்திருந்தேன். நான் வந்து சொல்வேன் என்று நீ காத்திருந்திருப்பாய்.

இரண்டு மாதம் கழித்து, கல்லூரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த இணையப் பட்டியலில் நம் நோட்டின் முதல் வரியை அடித்தேன். இரண்டிலிருந்து தொடங்கி, 0, 1, 0, 2, 1, 3, 0, 4, 2, 6, 1, 6, 3, 9. வேறு யாராவது முந்திவிட்டார்களா என்று பார்க்கத்தான். முந்தியிருந்தாய். பட்டியல் முழுசாக இருந்தது. கீழே உன் பெயர். உன் பெயர் மட்டும்.

ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். நம் நோட்டில் இருந்தது அப்படியே இருந்தது. மூன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை என் ஒற்றைப்படைகள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூட மாறவில்லை. நாற்பத்தேழுக்கு வந்தால் முப்பத்தொன்பது. கம்ப்யூட்டர் முன்னால் நான் சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று பக்கத்தில் இருந்தவர் பிறகு சொன்னார்.

மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் இருந்தது. நான் படிக்கவில்லை. நம் கணக்கின் விளக்கத்தை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

அன்று சாயங்காலமே வாசகசாலையில் சொன்னேன். "திருடறதுன்னா ஒழுங்காத் திருடணும். நாற்பத்தேழுக்கு முப்பத்தஞ்சு. இவன் முப்பத்தொன்பதுன்னு போட்டு உலகம் பூரா அனுப்பியிருக்கான்." யாருக்கும் கணக்குப் புரியவில்லை. திருட்டு புரிந்தது. மாஷ் சொன்னால் சரியாக இருக்கும் என்பதும் புரிந்தது. ஒரு வாரத்தில் உனக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நீ ஒருதடவை வந்தாய். வார இதழை எடுத்து இரண்டு பக்கம் புரட்டியிருப்பாய். கேரம் பலகைப் பக்கத்திலிருந்து ஒருவன், "எந்தா முப்பத்தொன்பதே, சுகந்தன்னே?" என்று கேட்டான். நீ சிரித்தாய். இதழை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு அந்த இதழுக்குப் போட்டி இல்லை. நான் ஆற அமரப் படித்தேன்.

பின்னும் ஒரே ஒரு தடவை நாம் பேசினோம். கிட்டங்கியை மூடி, சாம்பிள் அறையைப் பழம்பொருள் கடையாக்கி, உன்னை அதன் வாசலில் நிறுத்தியிருந்த காலம். கடை முன்னால், பழைய யூதர் தெருவான ஜூ டவுனில், நீ வெள்ளைக்காரர்களுக்கு வெண்கல விளக்கைத் தூக்கிக் காட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். திருப்தியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. படகுத் துறையில் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நீ. அக்கரையில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்களையே பார்த்துக்கொண்டு நின்றேன், திரும்பவில்லை.

"மாஷே."

நான் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணினேன்.

"ஒருதடவை இரட்டையைப் போட்டுப் பாரு. அத்தரே உள்ளு, அவ்வளவுதான்."

"திருட்டுல பங்கு கேட்க நான் வரல்லை."

"செரி" என்றாய். படகு வந்தது. நீ முன்பக்கம் போய் உட்கார்ந்தாய், நான் பின்பக்கம். இறங்கும்போது கூட்டத்தில் உன்னைக் காணவில்லை.

இப்போது அந்தப் பைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை உன் சீட்டுகளை மேஜைமேல் கொட்டினேன். முதலில் கையில் கிடைத்தது பன்னிரண்டு. பின்பக்கம் பென்சிலில் 12. திருப்பினால் 0011. பன்னிரண்டு 1100 அல்லவா? 0011 என்றால் மூன்று. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. திருடியவனுக்கு இரும முறையில் எண் எழுதவே தெரியவில்லை என்று நினைத்தேன். அடுத்தது ஆறு. 110 இருக்க வேண்டிய இடத்தில் 011. பத்து, 0101. எல்லாம் தலைகீழ். பதினைந்து இருபது சீட்டைப் பார்த்த பிறகுதான் சந்தோஷம் மெல்லக் குறைந்தது. ஒருவன் இத்தனை ஒழுங்காகத் தப்புச் செய்ய மாட்டான்.

இரண்டால் வகுக்கும்போது முதலில் வரும் மீதி, எண்ணின் கடைசி இலக்கம். பள்ளிக்கூடத்தில் மீதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்வோம். உன் சீட்டு ஒரு விரல் அகலம். கீழே எழுத இடம் இல்லை. மீதி வந்தது வந்தபடி இடமிருந்து வலமாக எழுதியிருக்கிறாய். ஆரம்பத்திலிருந்தே. அந்தப் புத்தகத்தில் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். நம் வாசகசாலைப் புத்தகத்தில் அடுத்த பக்கம் என்று ஒன்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்படியானால் இத்தனை மாதம் எதிரே உட்கார்ந்திருந்த நான் அதை எப்படிப் பார்க்காமல் போனேன்? இதற்கு விடை கிடைத்தபோதுதான் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்ததால்தான். கோடும் வட்டமும் தலைகீழாகப் பார்த்தாலும் கோடும் வட்டமும்தான். நீ உன் பக்கத்திலிருந்து 1101 என்று எழுதி நடுவில் வைத்ததை நான் என் பக்கத்திலிருந்து 1011 என்று படித்தேன். எனக்குச் சரியாக இருந்தது. உனக்கும் சரியாக இருந்தது. ஒரே ஒரு சாயங்காலம் அந்தப் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இல்லை. சாக்குத் தூசி என்று நான் உட்காரவில்லை.

பிறகு நாற்பத்தேழைத் தேடினேன். இரண்டு சீட்டுகளைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தியிருந்தாய். மேல் சீட்டில் 111101. உன் முறை. அதை இரண்டு இலக்கத்துக்குப் பின்னால் வெட்டினால் 11, 1101. மூன்றும் பதின்மூன்றும். பெருக்கினால் முப்பத்தொன்பது. எங்கே வெட்டினாலும் அதற்கு மேல் போகாது. நான் ஐந்து இடத்திலும் வெட்டிப் பார்த்தேன். கீழ்ச் சீட்டில் 101111, என் முறை. நடுவில் வெட்டினால் ஐந்தும் ஏழும், முப்பத்தைந்து. அதன் ஓரத்தில் 'மாஷ்' என்று எழுதியிருந்தாய். இரண்டுக்கும் கீழே, தமிழில், 'ரெண்டும் சரி'.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் இதையே செய்தேன். ஒற்றைப்படைகளை மூன்றிலிருந்து ஆரம்பித்து, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எழுதி, வெட்டிப் பெருக்கினேன். நாற்பத்தைந்து வரை எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் ஒரே விடை. இருபத்துமூன்றுக்குப் பதினைந்து, அப்படியும் பதினைந்து இப்படியும் பதினைந்து. முப்பத்தொன்பதுக்கு இருபத்தெட்டு, அதுவும் அப்படியே. ஏன் என்று தெரியவில்லை. முதுகலை படித்தவனுக்கும் தெரியவில்லை. முதன்முதலாகப் பிரிவது நாற்பத்தேழில். இரட்டைப்படை அப்படி இல்லை, ஆறிலேயே பிரிந்துவிடுகிறது. என் முறையில் ஆறுக்கு இரண்டு, உன் முறையில் ஒன்று. நான் ஓர் இரட்டைப்படையைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். படகுத் துறையில் நீ சொன்னது அதுதான்.

ஆகவே, ஸ்மிதா, நீ கேட்டதற்குப் பதில். அந்தப் பட்டியலில் நான் போட்ட எண்கள் இருக்கின்றன, என் கணக்கு இல்லை. உன் அப்பாவின் கணக்கு எண்ணைப் பின்னாலிருந்து எழுதி வெட்டுவது. நான் செய்துகொண்டிருந்தது வேறு கணக்கு, அது வேறு என்பதே எனக்குத் தெரியாது. என் எண்கள் அதில் பொருந்தியது தற்செயல். திங்கட்கிழமை கல்லூரியில் அந்த ஒரு வரி விளக்கத்தை முதல் தடவையாகப் படித்தேன். இலக்கங்களை ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி எழுத வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. உன் அப்பா திருடவில்லை. முப்பத்தொன்பது சரி. பெயரை எடுக்க வேண்டாம்.

அவளுக்கு எழுதிவிட்டேன். இனி உன்னிடம் மட்டும்.

உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ரெண்டும் சரி என்று எழுதிக் குண்டூசி குத்தி வைத்துவிட்டு, பதினோரு வருடம் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு நடந்தாய். படகுத் துறையில் ஒருதடவை சொன்னாய், சரி. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். வாசகசாலையில் என் எதிரில் சீட்டைப் போட்டு, வெட்டுடா என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். கேட்காதவன் என்று தெரிந்தும் சொல்வதுதானே சிநேகிதம்? நீ சும்மா இருந்ததைப் பெருந்தன்மை என்று ஸ்மிதா நினைக்கலாம். எனக்கு அது தண்டனை மாதிரி இருக்கிறது. என்னை என் கோபத்தோடு தனியாக விட்டுவிட்டு, நீ அமைதியாக வெண்கல விளக்கு விற்றாய். இதை நான் மன்னிப்பேனா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முன்னாலிருந்து எழுதி வெட்டும் கணக்கு, அதாவது என்னுடையது, அதையும் திங்கட்கிழமையே தேடினேன். 0, 1, 0, 2, 2, 3, 0, 4, 4, 6. இருக்கிறது. யாரோ ஒருவர், எந்த நாடோ, நாலு வருடத்துக்கு முன்னால் அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் ஏழு வருடம் அந்த இடம் காலியாக இருந்திருக்கிறது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நீ. உன்னுடையதை மட்டும் அனுப்பினாய். மற்றதைத் தொடவில்லை. எனக்காக விட்டுவைத்தாய் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லை, உனக்குத் தோன்றவே இல்லை என்றால் அதையும் நான் இனிமேல் தெரிந்துகொள்ள முடியாது. நீ விட்டுவைத்த இடத்தில் நான் உட்காராமல் ஏழு வருடம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் பெயர் எங்கேயும் இல்லாமல் போனதற்கு யாரையெல்லாமோ காரணம் சொல்லியிருக்கிறேன். அந்த ஆட்களில் ஒருவரைக் குறைக்க வேண்டும். கோபப்பட ஆள் குறைந்தால் எனக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று செவ்வாய்க்கிழமை முழுவதும் யோசித்தேன்.

மிச்சம் இருப்பது ஒரு பழக்கம்தான். நேற்று பேருந்தில் டிக்கெட்டைப் பார்த்தேன், எண் இருபத்தாறு. இரண்டால் வகுத்தேன், மீதியை இடமிருந்து எழுதினேன், 01011. உன் வழியில். என் வழி கையில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசகசாலைக்கு வரமாட்டேன். வந்தால் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கும்; ஆறேழு பேர் முன்னால் உன்னிடம் சொன்னதை ஆறேழு பேர் முன்னால் திருப்பி எடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஸ்மிதா அங்கே இதைப் படித்துச் சொல்லட்டும். பக்கத்தில் நீளச் சீட்டும் கத்தரிக்கோலும் வைக்கட்டும்.

கீழே பெயர் போடப்போவதில்லை. நீ திருடன் என்று நான் சொன்னபோது ஊர் நம்பியது கணக்கை அல்ல, என் பெயரை. மாஷ் சொன்னார் என்று நம்பினார்கள், ஒருவரும் ஒரு சீட்டை எடுத்து வெட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை அவர்கள் என்னை நம்ப வேண்டாம். நாற்பத்தேழை எடுத்து, மீதி வந்தபடி எழுதி, அவர்களே வெட்டட்டும். பெயர் போடாததற்குப் பயமும் காரணம்; இல்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய். எழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிடும், தெரியட்டும். உறையின் மேல் உன் பெயரையும் உன் வீட்டு விலாசத்தையும் எழுதி ஒட்டிவிட்டேன். மழை விட்டதும் போய், கையொப்பம் இல்லாமல் இப்படியே தபாலில் போடுகிறேன்.